டிரேடிங்கில் மனம் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் யாரும் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. கரண்ட் இருக்கிறதா, ஃபுட் வால்வில் தண்ணீர் நிற்கிறதா, குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டிரேடிங்கில் பணம் போகும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே மருந்துதான்: "மனதைக் கட்டுப்படுத்துங்கள்." எந்த இடத்தில், எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்பது வருடமாகப் பங்குச் சந்தையில் குறுகிய கால டிரேடிங் செய்கிறேன். பெரும்பாலும் சில நாட்கள் வைத்திருந்து விற்கும் ஸ்விங், கொஞ்சம் அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே. ஒவ்வொரு டிரேடையும் 200 பக்க நோட்டில் எழுதி வைப்பது பழக்கம். அந்த நோட்டுகளைத் திருப்பிப் படித்ததில் எனக்கு உறைத்தது இதுதான்: காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, பணம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது மனதைத் திருத்தவே முடியாது. சந்தை மூடியிருக்கும் நேரத்தில் சில முடிவுகளை எடுத்து, அவற்றை மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கத்தான் முடியும். கீழே உள்ள தீர்வுகள் எல்லாமே அந்த வகைதான்.

உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை எல்லோருக்கும் பொது.

முதல் சோதனை: இந்தப் பணத்துக்குத் தேதி இருக்கிறதா?

டிரேடிங் கணக்கில் இருக்கும் பணம் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமா? சீட்டு எடுத்த பணமா, மாதாமாதம் கட்ட வேண்டியது பாக்கியா? தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருப்பதா? தேதி உள்ள பணம் என்றால் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது. ஒவ்வொரு ரூபாய் இறங்கும்போதும் அந்தத் தேதிதான் கண்ணில் தெரியும். அந்தப் பணத்தை இன்றே வங்கிக் கணக்குக்குத் திருப்புங்கள். மிச்சம் 20,000 ரூபாய்தான் என்றால் 20,000த்தில் செய்யுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், மிஞ்சும்வரை காகிதத்தில் எழுதிப் பழகுங்கள்.

அறிகுறி: ஸ்டாப்லாஸ் போடுகிறேன், விலை பக்கத்தில் வந்ததும் கீழே நகர்த்திவிடுகிறேன்

ஸ்டாப்லாஸ் என்பது, விலை இதற்குக் கீழே போனால் நஷ்டத்தோடு விற்று வெளியேறிவிட வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் விலை. அதை நகர்த்துவது எனக்கு மிக நீண்ட காலம் இருந்த நோய். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைரியம் இல்லாததால் நகர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் வேறு தெரிந்தது. நகர்த்திய டிரேடுகளில் பெரும்பாலானவற்றில், ஸ்டாப்லாஸ் அடித்தால் மொத்தம் எவ்வளவு போகும் என்பதை வாங்கும் முன் நான் கணக்கிடவே இல்லை. "ஒரு 300 பங்கு வாங்குவோம்" என்று முதலில் எண்ணிக்கை. அப்புறம் சார்ட்டைப் பார்த்து ஸ்டாப்லாஸ். விலை இறங்கி, திரையில் மைனஸ் 5,400 என்று சிவப்பாகத் தெரியும்போதுதான் அந்தத் தொகையை முதல்முறையாகச் சந்திக்கிறேன். முன்பின் பார்க்காத தொகையை விட்டுக்கொடுக்க மனம் எப்படி ஒப்புக்கொள்ளும்?

இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இஸ்ரேலிய உளவியலாளர்கள் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையமே இதுதான்: ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி பெரிது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னால் கணக்கிட்டார்கள். அந்த வலியைத் தள்ளிப்போட மனிதன் இன்னும் பெரிய ஆபத்தைக்கூட ஏற்பான் என்பதும் அவர்கள் கண்டது. ஸ்டாப்லாஸை நகர்த்துவது அதேதான். உங்களிடம் தனியாக ஒரு குறை இருப்பதாக நினைக்க வேண்டாம். இது மனித மனம் செய்யப்பட்டிருக்கும் விதம்.

தீர்வு, கணக்கைத் தலைகீழாகத் திருப்புவது. போக விடத் தயாராக இருக்கும் தொகை முதலில், பங்கு எண்ணிக்கை கடைசியில். உதாரணமாக மூலதனம் 2,00,000. ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வாங்கும் விலை 480, சார்ட்படி ஸ்டாப்லாஸ் 468. இடைவெளி 12 ரூபாய். 2,000ஐ 12ஆல் வகுத்தால் 166. அவ்வளவுதான் வாங்கலாம். ஸ்டாப்லாஸ் 456 என்றால் இடைவெளி 24, எண்ணிக்கை 83. ஸ்டாப்லாஸ் தள்ளிப்போனால் எண்ணிக்கை குறையும். போகும் தொகை மாறாது.

வாங்கும் முன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "இந்த டிரேடில் 2,000 ரூபாய் போய்விட்டது." இறந்த காலத்திலேயே எழுதுங்கள். எழுதும்போது கை தயங்கினால் தொகையைப் பாதியாக்குங்கள். 500 ரூபாயில் தயக்கம் நின்றால் உங்கள் அளவு இப்போதைக்கு 500தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது, ஸ்டாப்லாஸ் மனதுக்குள் இருக்கக்கூடாது. வாங்கிய கையோடு ஆர்டராகப் போட்டுவிட வேண்டும். அன்றே விற்காமல் வைத்திருக்கும் டெலிவரிப் பங்குகளுக்கு ஜிடிடி ஆர்டர், அதாவது குறித்த விலை வரும்வரை காத்திருக்கும் ஆர்டர், போட்டால் தினமும் புதிதாகப் போட வேண்டியதில்லை. மேலே நகர்த்தலாம், கீழே நகர்த்தக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: ஸ்டாப்லாஸ் போட்டால் அந்த விலையில் விற்றே தீரும் என்று உத்தரவாதம் கிடையாது. இரவில் கெட்ட செய்தி வந்து பங்கு 440இல் திறந்தால் 468 என்ற உங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரே நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லையான லோயர் சர்க்யூட்டில் மாட்டினால் வாங்க ஆளே இருக்காது. காலாண்டு முடிவு வரும் நாட்களில் எண்ணிக்கையைப் பாதியாக்கவோ வெளியே நிற்கவோ நான் பழகியது இதனால்தான்.

அறிகுறி: இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்கிறேன்

"விற்றால்தானே தம்பி நஷ்டம்?" என்று எங்கள் ஊர் புரோக்கர் அலுவலகத்தில் ஜவுளிக்கடை அண்ணன் ஒருவர் அடிக்கடி சொல்வார். கேட்க ஆறுதலாக இருக்கும். ஐந்து நாளில் விற்பதற்காக வாங்கிய பங்கை அவர் இரண்டாவது வருடமாக வைத்திருந்தார்.

எஸ் பேங்க் பங்கை நினைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் ஏறக்குறைய 400 ரூபாய். 200க்கு வந்தபோது பாதி விலை என்று வாங்கியவர்கள் உண்டு. 100க்கு வந்தபோது அதிலும் பாதி. 50க்கு வந்தபோதும் அதே பேச்சு. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் மீது தடை விதித்து, வைப்பாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் வர்த்தகத்தினிடையே பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போனது. 400ஐ ஆறு முறை பாதியாக்கினால் 6.25 வரும். அதாவது "பாதி விலை" என்ற அதே காரணம் ஆறு முறை சரியாகவே தோன்றியிருக்கும்.

சோதனை இதுதான். வாங்கிய அன்று எழுதிய காரணத்தைப் படியுங்கள். "190ஐ உடைத்து மேலே போகிறது, ஐந்து நாளில் 205" என்று எழுதியிருந்தால், விலை 178இல் இருக்கும்போது அந்தக் காரணம் செத்துவிட்டது. இன்று கூடுதலாக வாங்குவது வேறு காரணத்துக்காக. அது என்ன என்று ஒரு வரி எழுத முடிகிறதா? "நல்ல கம்பெனிதான், ஒரு வருடம் வைத்திருந்தால் வரும்" என்று எழுத வருகிறதென்றால், குறுகிய கால டிரேடு உங்களைக் கேட்காமலே நீண்ட கால முதலீடாகப் பெயர் மாறிவிட்டது. விற்றுவிடுங்கள். முதலீடு செய்யத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்து, வேறு கணக்கில், வேறு பணத்தில்.

அறிகுறி: லாபம் கொஞ்சம் வந்ததும் விற்கிறேன், நஷ்டத்தை மட்டும் வளர விடுகிறேன்

மேலே சொன்ன இரண்டுக்கும் இது கூடப்பிறந்தது. ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயிர் ஸ்டேட்மன் என்ற நிதித்துறை ஆய்வாளர்கள் இருவரும் 1985இலேயே இதை ஒரு பழக்கமாக அடையாளம் கண்டு எழுதினார்கள். டெரன்ஸ் ஓடீன் 1998இல் அமெரிக்க புரோக்கர் ஒருவரின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தார். லாபத்தில் இருந்ததை மக்கள் சீக்கிரம் விற்றார்கள், நஷ்டத்தில் இருந்ததை வைத்துக்கொண்டார்கள். விற்ற பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், வைத்துக்கொண்ட பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறியிருந்தன.

"நான் பத்தில் ஏழு முறை ஜெயிக்கிறேன், ஆனால் கணக்கில் பணம் இல்லை" என்பவர்களுக்கு இந்த நோய்தான். ஏழு முறை 500 வந்தால் 3,500. மூன்று முறை 1,500 போனால் 4,500. ஆயிரம் ரூபாய் நஷ்டம். மாறாக, பத்தில் நான்கு முறை மட்டும் ஜெயித்து, ஜெயிக்கும்போது 2,000, தோற்கும்போது 1,000 என்றால் 8,000த்தில் 6,000 கழித்து 2,000 மிச்சம். ஜெயித்த எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்ணை மட்டும் மாதம் ஒருமுறை எழுதுங்கள்: சராசரி லாபம், சராசரி நஷ்டம்.

சீக்கிரம் விற்கும் கையைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. பாதி எண்ணிக்கையை முதல் இலக்கில் விற்றுவிட்டு, மீதிக்கு ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கு ஏற்றிவிடுவது. சில நல்ல ஓட்டங்களில் இதனால் லாபம் குறையும். பரவாயில்லை, மீதிப் பாதியை நிம்மதியாக ஓடவிட முடிகிறது.

அறிகுறி: நஷ்டமான கையோடு அடுத்த டிரேடுக்குள் பாய்கிறேன்

என் மூன்றாவது நோட்டில் ஒரு வியாழக்கிழமைப் பக்கம் இருக்கிறது. காலை 9.40க்கு ஒரு தனியார் வங்கிப் பங்கில் ஸ்டாப்லாஸ் அடித்து 1,850 ரூபாய் போனது. திட்டமிட்ட நஷ்டம்தான், தவறில்லை. அடுத்த வரியில் நேரம் 9.43. அதே பங்கு, இரண்டு மடங்கு எண்ணிக்கை. "காரணம்" என்ற கட்டம் காலி. அப்புறம் 9.58, 10.11, 10.30. பதினொரு மணிக்குப் பிறகு கையெழுத்தே வேறு மாதிரி இருக்கிறது, பேனாவை அழுத்தி எழுதியதில் மறுபக்கம் வரை தடம். அன்று மொத்தம் 14 டிரேடு. 21,400 ரூபாய் நஷ்டம். மனைவி மூடி வைத்திருந்த மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குத்தான் திறந்தேன். சாம்பார் ஆறி ஆடை கட்டியிருந்தது. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அந்த 21,400இல் எனக்கு வலித்தது முதல் 1,850 இல்லை. அது விதிப்படி போனது. மீதி எல்லாம் அதைத் திரும்பப் பிடிக்கப் போய்ப் போனது.

உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கடைசி மூன்று மாத கான்ட்ராக்ட் நோட்டுகளை, அதாவது டிரேடு செய்த ஒவ்வொரு நாளுக்கும் புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டுகளை, எடுங்கள். நஷ்டத்தில் முடிந்த ஒவ்வொரு டிரேடுக்கும் அடுத்த டிரேடு எத்தனை நிமிடம் கழித்து? எண்ணிக்கை கூடியிருக்கிறதா? பத்து நிமிடத்துக்குள், அதுவும் பெரிய எண்ணிக்கையில் என்றால் சந்தேகமே வேண்டாம்.

"அரை மணி நேரம் பொறுங்கள்" என்ற அறிவுரை எனக்கு ஒருநாளும் உதவவில்லை. பொறுக்கச் சொல்லும் மனமும் பாயத் துடிக்கும் மனமும் ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு பூட்டு தேவை. பல புரோக்கர் செயலிகளில் கில் ஸ்விட்ச் என்ற வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் சில மணி நேரத்துக்குப் புதிய ஆர்டர் போட முடியாது. என் விதி, ஒரே நாளில் இரண்டு ஸ்டாப்லாஸ் அடித்தால் கில் ஸ்விட்ச். எவ்வளவு நல்ல வாய்ப்பு தெரிந்தாலும் சரி. முதல் சில முறை அழுத்தும்போது விரல் கனத்தது. இப்போது நிம்மதியாக இருக்கிறது. உங்கள் செயலியில் அந்த வசதி இல்லை என்றால், இரண்டாவது நஷ்டத்துக்குப் பிறகு கணக்கில் மீதமிருக்கும் பணத்தை வங்கிக்கு எடுக்கும் கோரிக்கையைப் போட்டுவிடுங்கள். அதுவும் ஒரு பூட்டுதான்.

அறிகுறி: ஓடுகிற பங்கைத் துரத்தி வாங்கி, பயந்து அடியில் விற்கிறேன்

2024 ஜூன் முதல் வாரம் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. மக்களவைத் தேர்தல் வாக்குக் கணிப்புகள் வந்த பிறகு ஜூன் 3, திங்கட்கிழமை, சந்தைக் குறியீடான நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90இல் முடிந்தது. எல்லோரும் வாங்கினார்கள், தவறவிட்டுவிடுவோமோ என்று. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 5.93 சதவீதம் விழுந்து 21,884.50. பகலில் இன்னும் கீழே போயிருந்தது. அடுத்த மூன்று நாளில், ஜூன் 7 வெள்ளியன்று, நிஃப்டி 23,290ஐத் தொட்டு முடிந்தது. திங்கட்கிழமை முடிவைவிட மேலே. திங்கள் துரத்தி வாங்கி, செவ்வாய் பதறி விற்றவர் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். ஒன்றுமே செய்யாமல் அந்த வாரம் முழுக்க ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

தீர்வு: முந்தைய நாள் இரவு எழுதிய பட்டியலில் இல்லாத பங்கைப் பகலில் வாங்கக்கூடாது. பட்டியலில் இருந்தும் எழுதிய விலையைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டால் அது வேறொருவருடைய டிரேடு. ஓடிப்போன பேருந்துக்குப் பின்னால் ஓட வேண்டாம், ஸ்டாண்டில் நின்றால் அடுத்தது வரும். 9.15 முதல் 9.30 வரை எந்த ஆர்டரும் போடாமல் இருப்பதும் பலருக்கு உதவியிருக்கிறது, எனக்கும்.

அறிகுறி: நல்ல வாய்ப்பு தெரிகிறது, வாங்கக் கை வரவில்லை

பெரும்பாலும் நான்கைந்து நஷ்டம் வரிசையாக வந்த பிறகு இது வரும். "என் முறையே தப்பு போலிருக்கிறது" என்று தோன்றும். தோன்றுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் வரிசையாக ஐந்து முறை பூ விழ ஏறக்குறைய 81 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி ஜெயிக்கும் நல்ல முறையில்கூட நூறு டிரேடுக்குள் ஐந்து தொடர் தோல்வியை எதிர்பார்த்தே ஆக வேண்டும். பத்தில் நான்கு மட்டும் ஜெயிக்கும் முறையில் வாய்ப்பு இன்னும் அதிகம். அது வரும்போது ஆச்சரியப்படக்கூடாது, கரண்ட் போவதைப் போல எதிர்பார்த்து மெழுகுவர்த்தி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த மெழுகுவர்த்தி, அளவுதான். ஒரு டிரேடுக்கு 1 சதவீதம் வைத்து எட்டு முறை வரிசையாகத் தோற்றால் மூலதனத்தில் 8 சதவீதத்துக்கும் குறைவாகவே போகும். 10 சதவீதம் வைத்துத் தோற்றால் 57 சதவீதம் போகும். மீண்டும் பழைய இடத்துக்கு வர 132 சதவீத லாபம் வேண்டும். பயம் நியாயமானதா இல்லையா என்பதே அந்த அளவைப் பொறுத்ததுதான்.

கை வராதவர்கள் வழக்கமான எண்ணிக்கையில் கால் பங்காகக் குறைத்து இருபது டிரேடு செய்யுங்கள். லாப நஷ்டத்தைப் பார்க்காமல், எழுதியபடி வாங்கினேனா, எழுதியபடி விற்றேனா என்று மட்டும் டிக் போடுங்கள். இருபதில் பதினெட்டு டிக் வந்த பிறகு பழைய அளவுக்கு ஏறலாம்.

அறிகுறி: தொடர்ந்து லாபம், அப்புறம் ஒரே அடியில் எல்லாம் போகிறது

ஏறும் சந்தையில் எல்லோருக்கும் லாபம் வரும். அது நம் திறமை என்று தோன்றும்போது எண்ணிக்கை தானாகக் கூடும், ஸ்டாப்லாஸ் தேவையில்லை என்று தோன்றும். மூலதனம் கூடினால் 1 சதவீதத் தொகையும் கூடும், அது போதும். அதற்கு மேல் கூட்டுவதாக இருந்தால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லாததால் ரத்தம் சூடாக இருக்காது.

அறிகுறி: வேலையில் கவனம் இல்லை, தூக்கம் இல்லை, கைபேசியையே பார்க்கிறேன்

எண்ணிக்கை அதிகம். தூங்க முடிகிற அளவு வரை குறையுங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்ட்ராடே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இரவில் முடிவெடுத்து, ஜிடிடி போட்டுவிட்டு, பகலில் திறக்காமலே இருக்கக்கூடிய ஸ்விங் முறைதான் அவர்களுக்கு.

அறிகுறி: யாரோ சொன்ன டிப்ஸை நம்பி வாங்குகிறேன்

டிப்ஸில் வாங்கும் விலை இருக்கும். எவ்வளவு வாங்குவது, எப்போது வெளியேறுவது, தப்பானால் என்ன செய்வது, அது இருக்காது. அதனால்தான் டிப்ஸில் வாங்கியவருக்கு மேலே சொன்ன எல்லா நோயும் சேர்ந்து வருகிறது. ஆலோசனை தேவை என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் பதிவு செய்தவரா என்று செபி தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்தவரே ஆனாலும் உத்தரவாதமான லாபம் என்று சொன்னால் விலகிவிடுங்கள். அப்படிச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

அறிகுறி: எல்லாம் விதிப்படிதான் செய்கிறேன், இருந்தும் பணம் குறைகிறது

இந்த இடத்தில்தான் பலர் தங்களைத் தாங்களே வீணாக வருத்திக்கொள்கிறார்கள். மனநிலை சரியாக இருந்தாலும் முறை தவறாக இருக்கலாம். முறையும் சரியாக இருந்து, கட்டணமே தின்றுவிடலாம்.

ஒரு லட்ச ரூபாய்க்கு இன்ட்ராடேயில் வாங்கி விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் கூட, புரோக்கரேஜ், எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 80 ரூபாய் ஆகும். சின்னத் தொகைதான். நாளுக்கு ஐந்து முறை, மாதம் இருபது நாள் என்றால் 8,000 ரூபாய். மூலதனமே ஒரு லட்சம் என்றால் மாதம் 8 சதவீதம் சம்பாதித்தால்தான் நீங்கள் பூஜ்யத்தில் நிற்கிறீர்கள். எவ்வளவு உறுதியான மனமும் இந்தக் கணக்கை வெல்லாது. வரி இதற்கு மேல்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்ததாகச் சொல்கிறது. வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் அது 80 சதவீதம். நஷ்டமடைந்தவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேல் அதில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணமாகவும் கட்டியிருக்கிறார்கள். பங்கை நேரடியாக வாங்காமல் அதன் விலையை வைத்து ஒப்பந்தங்களில் டிரேடு செய்யும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் வந்த ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாக 2 லட்ச ரூபாய்.

அடிக்கடி செய்வதே தீங்கு என்பது பார்பர், ஓடீன் இருவரும் 2000இல் அமெரிக்கக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்விலும் வந்தது. 1991 முதல் 1996 வரை சந்தை வருடத்துக்கு 17.9 சதவீதம் தந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4.

சரி, என்ன செய்வது? விதிப்படி செய்த நூறு டிரேடுகளை எடுத்துக் கட்டணம் கழிக்கும் முன், கழித்த பின் என்று இரண்டு கூட்டல் போடுங்கள். முன் லாபம், பின் நஷ்டம் என்றால் டிரேடு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, அதிக நாள் வைத்திருக்கும் முறைக்கு மாறுங்கள். முன்னேயே நஷ்டம் என்றால் முறையை நிறுத்துங்கள். நிறுத்துவது தோல்வி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்குப் பார்த்து நிறுத்தியவர்களை நான் மதிக்கிறேன். அவர்களில் இருவர், நிஃப்டி போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதத் தவணை போட்டுவிட்டு மாலையில் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அறிகுறி: வீட்டில் மறைக்கிறேன், கடன் வாங்கி டிரேடு செய்கிறேன்

நகைக் கடன், செயலிக் கடன், நண்பரிடம் கைமாற்று. நஷ்டம் எவ்வளவு என்று வீட்டில் கேட்டால் பாதித் தொகையைச் சொல்வது. கழிவறையில் கைபேசியோடு உட்கார்ந்து ஆர்டர் போடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே எழுதிய எந்தத் தீர்வும் உங்களுக்கு இல்லை. ஸ்டாப்லாஸ் கணக்கெல்லாம் அப்புறம். இன்றே நிறுத்துங்கள்.

வரிசை இப்படி. இன்னும் முடிக்காமல் திறந்திருக்கும் எல்லா டிரேடையும் முடியுங்கள். புரோக்கரிடம் சொல்லி டிரேடிங் கணக்கை முடக்குங்கள். டீமேட் கணக்கில் உள்ள பங்குகள் அப்படியே பத்திரமாக இருக்கும், அந்தப் பயம் வேண்டாம். மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள், யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று. அந்தத் தாளை மனைவியிடமோ கணவரிடமோ அண்ணனிடமோ அக்காவிடமோ கையில் கொடுங்கள். வாயால் சொல்ல வராது, தாளைக் கொடுப்பது சுலபம். முழுத் தொகையைக் கொடுங்கள், பாதியை அல்ல. மீதிப் பாதியை மீட்கத்தான் மறுபடி உள்ளே போவீர்கள்.

யாரிடமும் காட்ட முடியாது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதென்றால் தாளை எழுதுவதற்கும் முன்னால் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.